மலைவிலங்குகளை எண்ணும் தொண்டு



உத்தியோகத்தை முன்னிட்டுத் தமிழகத்திற்கு வெளியே குடியேறி வாழும் நம் போன்றோர்க்கு ஞாயிற்றுக்கிழமை சற்றுச் சிக்கலான நாள். ஊருக்குப் போய்த் திரும்ப அந்த ஒரு நாள் போதாது. வீட்டிலேயே அடைந்து கிடக்கவோ குழந்தைகள் விடமாட்டார்கள். இவ்வகையில் மைசூருவில் வாழும் தமிழர்கள் நற்பேறு பெற்றவர்கள். சாமுண்டி மலை ஊரை ஒட்டியே நிற்கிறது. இன்னும் சற்றுத் தொலைவு போக மனமுள்ளவர்கள் குண்டுலுப்பேட்டை வழியாக ஹிமவத் கோபாலசுவாமி மலைக்குப் போகலாம். பந்திப்பூர்க் காட்டின் நடுவே 1,454 மீட்டர் உயரத்தில் நிற்கும் அம்மலைக்கு, அடிவாரத்தில் நம் வண்டியை நிறுத்திவிட்டு அரசுப் பேருந்தில் ஏறிச் செல்ல வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழிக் காலையில் குடும்பத்துடன் அங்கே போயிருந்தேன். பனி விலகியதும் தெற்கே நீலகிரி மலைத்தொடர் நீண்ட மதில் போலத் தெரிந்தது. அப்போது பத்து வயதாயிருந்த என் மகள் அதைப் பார்த்து, "அப்பா, அந்த மலையில்தானே வரையாடு இருக்கிறது? மொத்தம் எத்தனை இருக்கிறது?" என்று கேட்டாள். ஏதோ ஓர் எண்ணைச் சொன்னேன். "யார் எண்ணினார்கள்?" என்று அடுத்த கேள்வி வந்தது. "சர்க்கார் எண்ணும்" என்றேன். அவள் விடவில்லை. "எண்ணி முடிக்கிற வரைக்கும் ஆடு எல்லாம் அப்படியே நிற்குமா?" என்றாள்.

எனக்கு விடை தெரியவில்லை. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாகப் பணிபுரியும் நான், எத்தனையோ அறிக்கைகளில் விலங்குகளின் எண்ணிக்கையைத் தமிழில் பெயர்த்து எழுதியிருக்கிறேன். அந்த எண்கள் எவ்வாறு பிறக்கின்றன என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. அன்று தொடங்கிய விசாரணை, பின்னர் என்னையே ஒரு கணக்கெடுப்பில் தன்னார்வத் தொண்டனாகக் கொண்டு போய் நிறுத்தியது. நான் அதில் அறிந்துகொண்டதையே இன்று நேயர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் வரையாட்டைப் பற்றிச் சில சொற்கள். 'வரை' என்பது மலையையும் மலைச்சரிவையும் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். நற்றிணை, ஐங்குறுநூறு முதலிய சங்க நூல்களில் 'வருடை' என்று வரும் மலைவிலங்கு இதுவே என்று அறிஞர் கருதுவர். தமிழ்நாட்டின் மாநில விலங்காக விளங்கும் இது, மேற்குத் தொடர்ச்சி மலையில் தமிழ்நாடு, கேரளம் ஆகிய இரு மாநிலங்களில் மட்டுமே காணப்படுகிறது. உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழவில்லை. சோலைக் காடுகளை அடுத்த உயர்ந்த புல்வெளிகளில் மேயும். ஆபத்து என்று கண்டால் செங்குத்தான பாறைச் சரிவில் இறங்கி மறையும். முதிர்ந்த கிடாவின் முதுகில் சேணம் வைத்தாற்போல் வெள்ளி நிறத் திட்டு ஒன்று விளங்கும். இமயத்தில் வாழும் 'தார்' என்னும் விலங்கின் உறவாகவே இதனை அறிவியலார் நெடுங்காலம் எண்ணி வந்தனர். 2005ஆம் ஆண்டில் வெளிவந்த மரபணு ஆராய்ச்சியோ இது செம்மறி ஆட்டினத்திற்கே நெருங்கியது என்று காட்டிற்று. அதன்பின் தனிப் பேரினமாகவே வகுத்துவிட்டனர். வெள்ளாட்டிற்கும் செம்மறிக்கும் பொதுவாக 'ஆடு' என்று சொல்லும் நம் மொழிக்கு இதனால் பெயரை மாற்றவேண்டிய சங்கடம் நேரவில்லை!

ஒரு காலத்தில் இம்மலைகளில் நெடுகப் பரவியிருந்த இவ்விலங்கு, இன்று ஒன்றோடொன்று தொடர்பற்ற சிறு சிறு கூட்டங்களாகச் சிதறிக் கிடக்கிறது. புல்வெளிகள் தேயிலைத் தோட்டங்களாயின. எஞ்சியவற்றுள் பலவற்றில் சீகை மரமும் தைல மரமும் நடப்பட்டன. புல் இல்லாத இடத்தில் வரையாடு இல்லை. வேட்டையும் சேர்ந்துகொண்டது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முதல் அட்டவணையில் இதனைச் சேர்த்து முழுக் காப்பு அளித்துள்ளது. ஆனால், காப்பு அளித்த பின் கூட்டம் பெருகுகிறதா, குறைகிறதா என்று அறிய வேண்டாமா? எண்ணிக்கை தெரியாமல் காவல் செய்வது, கணக்குப் பார்க்காமல் கடை நடத்துவது போன்றதே.

இவ்வெண்ணிக்கைத் தொழிலைத் தொடங்கிவைத்தவர்களுள் பலர் சம்பளத்திற்காக அதைச் செய்தவர்கள் அல்லர். நீலகிரியில் 1877ஆம் ஆண்டிலேயே வேட்டை விலங்குகளைக் காக்க ஒரு சங்கம் ஏற்பட்டது. மூணாற்றைச் சூழ்ந்த மலைகளில் 1928ஆம் ஆண்டில் தேயிலைத் தோட்டத்தினர் அதுபோன்ற சங்கம் ஒன்றைக் கண்டனர். அதற்குக் கண்ணாகவும் காலாகவும் இருந்தவர்கள் முதுவர் என்னும் மலைமக்கள். முதலில் வேட்டையாடுவோர்க்காகத் தோன்றிய இச்சங்கங்கள், காலப்போக்கில் காப்போரின் சங்கங்களாக மாறின. நீலகிரியில் வாழ்ந்த ஈ. ஆர். சி. டேவிதார் தொழிலால் வழக்கறிஞர். ஆனால் கட்சிக்காரர்களின் வழக்கோடு வரையாட்டின் வழக்கையும் எடுத்துக்கொண்டவர். அவர் மலை மலையாக நடந்து வரையாடுகளை எண்ணினார். 1975ஆம் ஆண்டில், அவை வாழும் மலைகளை ஆராய்ந்து மொத்தம் சுமார் 2,200 இருக்கலாம் என்று மதிப்பிட்டார். அதற்கு நன்றி பாராட்டும் முகமாகவே, தமிழ்நாடு அரசு 2022ஆம் ஆண்டு இறுதியில் அறிவித்த வரையாட்டுத் திட்டத்தில், அக்டோபர் 7ஆம் நாளை அவர் நினைவாக வரையாடு நாளாகக் கொண்டாட ஏற்பாடு செய்தது.

ஆகவே, ஆர்வம் ஒன்றையே மூலதனமாகக் கொண்டு பெரும்பணி தொடங்குவது புதிதன்று. நான் வாழும் மைசூருவிலேயே இதற்கு நல்ல சான்று உண்டு. 1935ஆம் ஆண்டில் எம். வி. கோபாலசுவாமி என்னும் உளவியல் பேராசிரியர் தம் சொந்த முயற்சியால் இங்கே ஒரு வானொலி நிலையத்தை நடத்தினார். 'ஆகாசவாணி' என்னும் பெயர் வழங்கத் தொடங்கியது அந்நிலையத்தில்தான். ஆனால் ஆர்வம் மட்டும் இருந்து, முறை இல்லாவிடில் என்ன ஆகும்? அதற்கும் சான்று உண்டு. அது மகிழ்ச்சியான சான்று அன்று.

நம் நாட்டில் பல்லாண்டு காலம் புலிகளை அவற்றின் காலடித் தடத்தைக் கொண்டே எண்ணி வந்தனர். தடத்தைப் பார்த்தே இது இன்ன புலி என்று சொல்ல முடியும் என்பது அம்முறையின் நம்பிக்கை. ராஜஸ்தானத்திலுள்ள சரிஸ்கா சரணாலயத்தில் 2004ஆம் ஆண்டுக் கணக்கின்படி பத்துக்கு மேற்பட்ட புலிகள் இருந்தன. அடுத்த ஆண்டு, 2005இல், அங்கே ஒரு புலிகூட இல்லை என்பது உறுதியாயிற்று. கள்ள வேட்டையாடுவோர் கொன்று தீர்த்துவிட்டிருந்தனர். காகிதத்தில் புலி உயிரோடு இருந்தமையால், காட்டில் அது மடிவது கண்ணுக்குத் தெரியாமற் போயிற்று. பிழையான எண்ணிக்கை வெறும் கணக்குப் பிழையன்று என்பதை இதனினும் தெளிவாகக் காட்ட இயலாது. அதன்பின் தடமுறை கைவிடப்பட்டு, தானியங்கிக் கேமராவும் புள்ளியியலும் கொண்ட புதிய முறை நாடெங்கும் வந்தது. அத்தகைய முறைகளுக்கு மைசூருவை அடுத்த நாகரஹொளெக் காடு முன்னரே பயிற்சிக் களமாக இருந்தது. பொறியியல் படித்துப் பின் காட்டாராய்ச்சியில் இறங்கிய உல்லாஸ் காரந்த், 1980களிலிருந்து அங்கே ஆய்வு நடத்தினார். காட்டில் நேராக வெட்டிய நடைபாதைகளில் விடியலில் ஓசையின்றி நடந்து, கண்ட மானையும் காட்டெருமையையும், அவை நின்ற தூரத்தோடும் கோணத்தோடும் குறிக்கும் பணியில், பல தொழில்களைச் சேர்ந்த தன்னார்வலர்கள் அவருக்குத் துணையாக இருந்தனர்.

ஆனால் நடைபாதை வெட்டி நேராக நடக்கும் முறை சமநிலத்திற்கும் சிறு குன்றுகளுக்கும் பொருந்துமேயன்றி, செங்குத்தான பாறைமலைக்குப் பொருந்தாது. மலையில் ஆடு ஒரு முகட்டில் தோன்றும். மறுகணம் பள்ளத்தில் மறையும். பாறையோ ஆட்டின் நிறம். ஆடோ பாறையின் நிறம். அங்கே எண்ணுவோன் காணாமல் விட்டவை எத்தனை என்பதே தலையாய கேள்வி. காணாததை எண்ணுவது எப்படி? இதற்குரிய வழியை என் அலுவலக அனுபவத்தைக் கொண்டே விளக்குகிறேன்.

அச்சுக்குப் போகும் ஒரு நூலை இருவர் தனித்தனியே மெய்ப்புப் பார்ப்பதாகக் கொள்ளுங்கள். நான் 10 பிழைகளைக் கண்டேன். என் நண்பர் 8 பிழைகளைக் கண்டார். இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், 5 பிழைகள் இருவர் கண்ணிலும் பட்டவை. அப்படியானால் நாங்கள் இருவரும் சேர்ந்து கண்டவை 13. நூலில் உண்மையாக உள்ள பிழைகள் எத்தனை? நண்பர் கண்ட 8 பிழைகளுள் நான் 5ஐக் கண்டுபிடித்திருக்கிறேன். ஆகவே என் கண்ணின் கூர்மை எட்டில் ஐந்து பங்கு. நான் கண்ட 10 பிழைகள், மொத்தத்தில் எட்டில் ஐந்து பங்கே என்றால், மொத்தம் 16 ஆதல் வேண்டும். எனவே இருவர் கண்ணுக்கும் தப்பியவை 3. பத்தை எட்டால் பெருக்கி ஐந்தால் வகுத்தால் இதே 16 வருவதைக் காணலாம்.

பிழைகளின் இடத்தில் ஆட்டு மந்தைகளை வையுங்கள். இருவரின் இடத்தில் இரு குழுக்களை வையுங்கள். அதுவே இரட்டை நோக்கர் முறை. முதற்குழு ஒரு மலைப்பாதையில் முன்னே செல்லும். இரண்டாம் குழு சிறிது நேரம் கழித்து அதே பாதையில் செல்லும். ஒவ்வொரு மந்தையையும் கண்ட நேரம், இடம், அதிலுள்ள கிடா, பெட்டை, குட்டி ஆகியவற்றின் எண்ணிக்கை எல்லாவற்றையும் தனித்தனியே எழுதுவார்கள். மாலையில் இரு குறிப்பேடுகளையும் ஒப்பிட்டு, இரு குழுவும் கண்ட மந்தை எது, ஒரு குழு மட்டும் கண்டது எது என்று பிரிப்பார்கள். மந்தைகளின் மொத்தம் தெரிந்தபின், ஒரு மந்தைக்குச் சராசரி எத்தனை ஆடுகள் என்பதைக் கொண்டு பெருக்கினால் மலையின் மொத்த ஆடுகள் கிடைக்கும். 16 மந்தைகள், மந்தைக்கு 9 என்றால், 144.

மலைவாழ் ஆட்டினங்களை எண்ணுவதற்கு இம்முறையைச் செப்பனிட்டுத் தந்ததில் மைசூருவுக்குப் பங்கு உண்டு என்று பின்னர் அறிந்தபோது பெரிதும் மகிழ்ந்தேன். 1996ஆம் ஆண்டில் இந்நகரில் நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் என்னும் ஆராய்ச்சி நிறுவனம் தோன்றியது. அதன் ஆய்வாளர்கள் இமயத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்கில் பனிச்சிறுத்தையைப் பற்றி ஆராய்ந்தனர். பனிச்சிறுத்தையைக் காண்பது அரிது. அதற்கு இரையாகும் 'பரல்' என்னும் மலையாடு எத்தனை என்று அறிந்தால், அந்நிலம் எத்தனை சிறுத்தைகளைத் தாங்கும் என்று ஓரளவு உய்த்துணரலாம். அதற்காக இரட்டை நோக்கர் முறையைத் திட்டப்படுத்தி, குல்பூஷண்சிங் சூர்யவன்ஷி, யஷ்வீர் பட்நாகர், சாருதத் மிஸ்ரா ஆகிய மூவரும் 2012ஆம் ஆண்டில் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டனர். பின்னர் ஹிமாசலப் பிரதேச வனத்துறை அந்நிறுவனத்துடன் சேர்ந்து மாநிலம் முழுவதும் பனிச்சிறுத்தைகளை மதிப்பிட்டபோது, 4,000 மீட்டருக்கும் மேலான உயரத்திலுள்ள கிப்பர் கிராமத்து இளைஞர்களே மலை உச்சிகளில் கேமராக்களைப் பொருத்தும் பணியில் முன்னின்றனர். 2024ஆம் ஆண்டு ஜனவரியில் வெளியான முதல் அகில இந்திய மதிப்பீடு, நம் நாட்டில் 718 பனிச்சிறுத்தைகள் உள்ளன என்று கூறிற்று. அவற்றுள் 477 லடாக்கில் உள்ளவை.

தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நடக்கும் வரையாட்டுக் கணக்கெடுப்பிலும் இந்த இரட்டை நோக்கர் முறை கையாளப்படுகிறது. அதனோடு மற்றொரு முறையும் உண்டு. ஒரே பகுதியைப் பலமுறை எண்ணுவது அது. நான்கு முறை எண்ணி முறையே 38, 45, 41, 36 ஆடுகளைக் கண்டதாகக் கொள்வோம். மிகுதியாகக் கண்டது 45; அதற்கு அடுத்தது 41. இவ்விரண்டின் வேறுபாடாகிய 4ஐ, 45உடன் கூட்டி 49 என்று மதிப்பிடுவர். கண்டதில் பெரியதே முழுமை என்று இறுமாந்திராமல், இன்னும் சில தப்பியிருக்கும் என்று அடக்கத்தோடு ஒப்புக்கொள்ளும் கணக்கு அது.

இனி, நான் கலந்துகொண்ட கணக்கெடுப்பைச் சொல்கிறேன். விலங்கு இருக்கும் இடத்தைத் துல்லியமாக வெளியிடலாகாது என்பது தன்னார்வலர்க்குக் கூறப்படும் விதிகளுள் ஒன்று. ஆதலால் மலையின் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். முதல் நாள் பயிற்சி. கிடாவையும் பெட்டையையும் படத்தில் காட்டி வேறுபடுத்தப் பழக்கினார்கள். வரைபடம் பார்க்கவும், தொலைநோக்கியால் சரிவை வரிசை வரிசையாகத் துழாவவும் கற்றுத் தந்தார்கள். மறுநாள் விடியலில் முதற்குழு புறப்பட்டது. மைசூருவிலிருந்து என்னுடன் வந்த நண்பர் அதில் இருந்தார். இருபது நிமிடம் கழித்து எங்கள் குழு புறப்பட்டது. எங்களுக்கு வழிகாட்டி, அம்மலையிலேயே பிறந்து வளர்ந்த வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர்.

ஒரு திருப்பத்தில், பாறைமேல் மூன்று கற்கள் அம்புக்குறி போல அடுக்கப்பட்டிருந்தன. என் நண்பரின் வேலை என்று உடனே விளங்கிற்று. எனக்கு உதவ வேண்டும் என்னும் நல்லெண்ணம் அவருக்கு! அம்பு காட்டிய திசையில் தொலைநோக்கியைத் திருப்பினேன். சரிவின் அடியில், பாறை நிழலில், ஒன்பது வரையாடுகள். கல் காட்டியிராவிடில் என் கண் அங்கே போயிராது. மகிழ்ச்சி பொங்கக் குறிப்பேட்டில் 9 என்று எழுதினேன்.

காவலர் கற்களைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். "சார், இது நீங்களாப் பார்த்ததா, கல்லு காட்டிப் பார்த்ததா?" என்று கேட்டார்.

"எப்படிப் பார்த்தால் என்ன? ஆடு இருப்பது உண்மைதானே!" என்றேன்.

"ஆடு உண்மைதான் சார். ஆனா முன்னாடி போனவரோட கண்ணுதான் ரெண்டு தடவை பார்த்திருக்கு" என்றார் அவர். பிறகு குனிந்து அந்தக் கற்களைக் கலைத்துவிட்டார்.

நான் வெட்கமுற்றேன். ஒரு மொழிபெயர்ப்பாளன், இன்னொருவரின் மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதிவிட்டு, இருவர் மொழிபெயர்ப்பும் ஒத்திருக்கிறது என்று சான்றிதழ் கொடுப்பதைப் போன்ற செயல் அது. எழுதியதை அழிக்காமல் குறுக்கே கோடிட்டு, 'பிறர் குறிப்பால் கண்டது. கணக்கில் சேர்க்க வேண்டா' என்று பக்கத்தில் எழுதினேன். மாலையில் பயிற்சியாளர் அதைப் படித்துவிட்டு, என்னைக் கடிந்துகொள்ளாமல், ஒரு தாளை எடுத்து எங்கள் எல்லோருக்கும் கணக்குப் போட்டுக் காட்டினார்.

முன் சொன்ன உதாரணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முதற்குழு கண்டது 10 மந்தை. இரண்டாம் குழு தானாகக் கண்டது 8. இருவரும் கண்டது 5. மொத்தம் 16. இப்பொழுது முதற்குழுவினர் கல்லடுக்கி, தாம் கண்டவற்றுள் மேலும் 4 மந்தைகளை இரண்டாம் குழுவுக்குக் காட்டிவிட்டார்கள் என்று வையுங்கள். இரண்டாம் குழுவின் எண்ணிக்கை 12 ஆகிறது. பொதுவானவை 9 ஆகின்றன. பத்தைப் பன்னிரண்டால் பெருக்கி ஒன்பதால் வகுத்தால் சற்றேறக்குறைய 13தான் வரும். அதாவது, இருவரும் கண்ட 13 மந்தைகளைத் தவிர மலையில் வேறு மந்தையே இல்லை என்று கணக்குச் சொல்லும். உண்மையில் பள்ளத்தில் மேய்ந்துகொண்டிருக்கும் 3 மந்தைகள் தாளிலிருந்து மறைந்துவிடும். மந்தைக்கு 9 என்றால் 27 ஆடுகள்! ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஒருவரும் தீங்கு நினைக்கவில்லை. நண்பனுக்கு உதவ வேண்டும் என்னும் நல்ல மனம் ஒன்றே அவ்வாடுகளை மறைத்துவிட்டது. மூன்று கற்களில் இவ்வளவு இருக்கிறது என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

அன்று பிற்பகல் மூடுபனி இறங்கிற்று. மூன்று மணி நேரம் ஒரு முகட்டில் உட்கார்ந்திருந்தும் ஒன்றும் புலப்படவில்லை. குறிப்பேட்டில் நேரத்தையும் பனியின் அடர்த்தியையும் எழுதி, ஆடுகள் என்ற கட்டத்தில் 0 என்று எழுதினேன். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பயணம் செய்து போய்ச் சுழியம் எழுதுவது மனத்திற்குக் கடினமாகவே இருந்தது. ஆனால் அந்தச் சுழியமும் கணக்குக்கு வேண்டியதே. பார்த்தும் காணாத இடம் வேறு; பார்க்கவே பார்க்காத இடம் வேறு. கட்டத்தை வெறுமையாக விட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

இவ்வாறு பலர் கூடி எழுதிய குறிப்புகளிலிருந்து வந்த முடிவுகளைக் கேளுங்கள். 2024ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் நடந்த ஒருங்கிணைந்த கணக்கெடுப்பு 1,031 வரையாடுகள் உள்ளன என்று மதிப்பிட்டது. 2025ஆம் ஆண்டு ஏப்ரலில் தமிழ்நாடும் கேரளமும் ஒரே காலத்தில் எண்ணின. தமிழ்நாட்டில் 1,303, கேரளத்தில் 1,365, ஆக மொத்தம் 2,668. எல்லை தாண்டும் மந்தையை இரு மாநிலமும் எண்ணிவிடாமலும், இரு மாநிலமும் விட்டுவிடாமலும் இருக்கவே ஒரே காலத்தில் எண்ணுவது. குட்டிகள் பெரும்பாலும் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்து, ஏப்ரலில் தாயோடு நடமாடத் தொடங்கிவிடுவதால், அம்மாதம் எண்ணுவதற்கு ஏற்றதாகிறது.

ஓராண்டில் தமிழ்நாட்டின் எண்ணிக்கை 272 கூடியிருக்கிறதே, அத்தனையும் புதிதாகப் பிறந்தவையா என்று நேயர்கள் கேட்கலாம். அவ்வாறு கொள்வது அவசரம். இரண்டாம் ஆண்டில் கணக்கெடுத்த இடங்களும் கூடியிருந்தன. அவ்வாறே, 1975இல் டேவிதார் சொன்ன 2,200ஐயும் இன்றைய 2,668ஐயும் பக்கத்தில் வைத்து, வரையாடு பெருகிவிட்டது என்று தீர்ப்புக் கூறுவதும் பொருந்தாது. அளந்த கோல் வேறு. ஒரே கோலால், ஒரே இடங்களில், ஆண்டுதோறும் அளந்தால்தான் ஏற்றமும் இறக்கமும் தெரியும். தன்னார்வலரின் தேவை ஒரே ஆண்டோடு முடிந்துவிடாமல் தொடர்ந்து இருப்பதன் காரணம் இதுவே.

இப்பணியில் சேர விரும்பும் நேயர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். காப்புக் காட்டிற்குள் அனுமதியின்றித் தனியே நுழைவது சட்டப்படி குற்றம். எவ்வளவு நல்ல நோக்கமாயினும் அது மன்னிக்கப்படாது. எனவே வனத்துறையின் அழைப்பின் பேரிலோ, வனத்துறையோடு சேர்ந்து பணியாற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தின் மூலமாகவோதான் போக வேண்டும். எல்லாக் கணக்கெடுப்பிலும் பொதுமக்களைச் சேர்ப்பதில்லை. சேர்க்கும்போது முன்கூட்டியே அறிவிப்பு வரும். நீங்கள் வாழும் ஊரின் மாவட்ட வன அலுவலகத்தில் விசாரித்து வைப்பது நல்லது. மலையேறும் உடல்வலிமை வேண்டும். அதற்கு ஓரிரு மாதம் முன்பிருந்தே நாள்தோறும் நடந்து பழகுவது அவசியம். பச்சை, பழுப்பு நிற ஆடைகளே தக்கவை. நறுமணத் தைலமும் வாசனைப் பொருள்களும் வேண்டா. கைபேசியில் எடுத்த படத்தை இடக்குறிப்போடு ஊராருக்கு அனுப்புவது, கள்ள வேட்டைக்காரனுக்கு வழிகாட்டுவதாகவே முடியும்.

தென்னாட்டிற்கு வெகுதொலைவில் இருப்பவர்களும் மனம் தளர வேண்டியதில்லை. மாராட்டியத்தில் வாழ்வோர் புத்த பௌர்ணமி இரவில் நீர்நிலையருகே மறைவிடத்தில் அமர்ந்து, நீர் அருந்த வரும் விலங்குகளைக் குறிக்கும் வழக்கத்தில் கலந்துகொள்ளலாம். அது முறையான மதிப்பீடாகாது எனினும், கண்ணையும் பொறுமையையும் பழக்க நல்ல பயிற்சி. காட்டிற்கே போக இயலாதவர்கள், மலைச்சாலையில் வரையாட்டிற்கோ குரங்கிற்கோ தின்பண்டம் வீசுவோரைக் கண்டால் பணிவாகத் தடுக்கலாம், அதுவும் தொண்டே. நாம் எந்த மாநிலத்தில் உப்பைத் தின்று வாழ்கிறோமோ, அந்த மாநிலத்துக் காடும் மலையும் நம் பொறுப்பில் சேர்ந்தவைதாமே! அங்குள்ள மலைமக்களோடும் வனக் காவலர்களோடும் ஒரு நாள் நடந்து பார்த்தால், பல ஆண்டு குடியிருந்தும் அறியாத அந்நாட்டை அறிந்தவர்களாவோம்.

கணக்கெடுப்பு முடிந்து மைசூரு திரும்பிய அன்று என் மகள் வாசலிலேயே நின்றிருந்தாள். "ஆடு எல்லாம் அசையாமல் நின்றதா அப்பா?" என்று கேட்டாள். நிற்கவில்லை என்றும், அதனால்தான் இரண்டு பேர் தனித்தனியே எண்ண வேண்டியிருக்கிறது என்றும் சொல்லி, மெய்ப்புக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினேன். கோடிட்ட அந்த 9ஐயும், பிற்பகல் எழுதிய 0வையும் அவளிடம் மறைக்கவில்லை. அவள் சிறிது நேரம் யோசித்துவிட்டு, அடுத்த முறை தன்னையும் அழைத்துப் போகச் சொன்னாள். தான் இரண்டாம் குழுவில் இருப்பதாகவும், நான் கல் அடுக்கக் கூடாது என்றும் நிபந்தனை விதித்தாள். அந்த நிபந்தனைக்கு உட்பட்டே நேயர்களையும் அழைத்து விடைபெறுகிறேன்.